சிவப்புப் பூ வந்த பிறகும் போட்ட மாத்திரை

அம்மனை நம்பி இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். கல்வராயன் மலையில் வாழ்க்கைப்பட்டவள் நான்.

கல்யாணமான வருடத்திலிருந்தே மாதவிலக்கு வந்தால் உயிர் போய் உயிர் வரும். சாமைக் காட்டிலேயே சுருண்டு படுத்துவிடுவேன். தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் பெண்கள் கோயிலுக்குப் போவதில்லை. தாயைக் கூப்பிட வேண்டிய நேரத்தில்தான் அவள் வாசலை மிதிக்க முடியாது. ஏதோ தெய்வக் குற்றம் என்று பயந்து வாய் திறக்காமல் இருந்தேன்.

வலி முற்றி, மலையிறங்கிப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கோ பிள்ளை இல்லை. பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். 'தாயே, பையை மட்டும் எடுக்க விடாதே.' வேறு வேண்டுதலே இல்லை.

சின்னசேலத்தில் இருக்கும் என் நாத்தனார்தான் கள்ளக்குறிச்சியில் வேறொரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். பையை எடுக்க வேண்டாம், இது எண்டோமெட்ரியோசிஸ், பைக்குள்ளே வளர வேண்டிய சவ்வு வெளியே வளர்கிறது என்று சொல்லி, ஹார்மோன் மாத்திரை எழுதினார். வலி பாதிதான் குறைந்தது. தூக்கமும் இல்லை. அப்புறம் மெலடோனின் சேர்த்தார். "இது தூக்கத்துக்குக் குடுக்கறதும்மா. இந்த வலிக்கும் உதவுமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல" என்றார்.

வீட்டில் அத்தை, என் மாமியார், மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "தூக்க மாத்திரையா? இத்த முழுங்கிட்டு எழுந்திரிக்காம போனவங்கள நான் பாத்திருக்கேன்டி!" எனக்கும் அதே பயம். அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. எனக்கு அப்போது விலக்கு. அத்தைதான் போனார்.

சிவப்பு வந்தது.

வந்து சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன். இனி எனக்கு வழியே இல்லை என்று உடம்பெல்லாம் சில்லிட்டது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்டி துடிச்சிக்கினு கெடக்கறியே, நான் இன்னா பண்ணுவேன்? போடுடி மாத்திரய. அம்மன் கோச்சிக்கினா எம்மேல கோச்சிக்கட்டும். போடச் சொன்னவ நான்தானே."

போட்டேன். விடிந்ததும் முதலில் அத்தை மூச்சு விடுகிறாரா என்றுதான் பார்த்தேன். அவர் காட்டுக்குப் போனால் பாம்பு நினைப்பு, இருமினால் ஜுர நினைப்பு. 'என் வலி இருந்துவிட்டுப் போகட்டும், அத்தையை விட்டுவிடு' என்று வேண்டுதலே மாறிப்போனது.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதத்துக்கு மாதம் என் வலியும் குறைந்தது. எந்த மாத்திரையால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. பை என்னிடமே இருக்கிறது. பிள்ளை இன்னும் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆடியில் பொங்கல் வைத்தோம். கற்பூரம் எரியும்போது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எம்மேல கோவம் இல்லதானே?" என்று அம்மனிடம் கேட்டார். அன்று 'போடுடி மாத்திரய' என்று அத்தையைச் சொல்ல வைத்தவள் அந்தத் தாய்தான் என்று எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, என் மாத்திரையைக் கேட்டுக் கடையில் வாங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். வலியை மறைக்காதீர்கள். பயம் போன பிறகு தாயைக் கூப்பிடலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். பயந்தபடியே கூப்பிடுங்கள்.