பத்துக் கட்டைக்கு ஒன்பது

மெக்கானிக் மூக்கையா பாஸுக்கு அறுபத்தெட்டாம் ஆண்டில் எண்ணூற்றைம்பது ரூபாய் கடன் இருந்தது. கியர்ப்பெட்டி பார்க்க வண்டியோடு யார் வந்தாலும், ஸ்பானரைத் தொடும் முன் இதைச் சொல்லிவிடுவார். "அந்தப் பெட்டிய ஒடச்சது மொதலாளியோட மச்சினன். அஞ்சு வருஷமா சம்பளத்துல பிடிச்சது எங்கிட்ட. அப்ப எனக்கு வயசு பத்தொம்பது, எதுத்துப் பேச வாய் வரல. இப்ப வருது." இதைக் கேட்டுத் தலையாட்டியவர்களின் வண்டிக்குத்தான் வேலை நடக்கும்.

மஹய்யாவையிலிருந்து முதல் பஸ்ஸில் பிலிமத்தலாவைக்கு வந்து, கொழும்பு வீதியோரம் தன் ஷெட்டைத் திறப்பார். தகரமும் நிலமும் சொந்தக் காசு. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறுங்காலோடு வண்டியில் ஏறி, கியர்ப்பெட்டி மூடியின்மேல் உள்ளங்காலை வைப்பார். "செருப்பு போட்டா வண்டி பேசுறது கேக்காது." பெட்டி எண்ணெயில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்தி மோந்து பார்ப்பார். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் ஒளிப்பதில்லை. "கம்பஸ்ல படிச்ச எஞ்சினியர் நாலு பேர் எங்கிட்ட வந்து கைகட்டி நிக்கிறாங்க. நான் யார்கிட்டயும் போனதில்ல." மனைவி பாப்பம்மா மட்டும் மசிய மாட்டாள். "வீட்டு ஃபேன் மூணு மாசமா கத்துது. அது மட்டும் இந்த மனுசன் காதுல விழாது."

போன மாதம் ராஜலிங்கம் முதலாளி தன் பிரேக்டவுன் லொறியோடு வந்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுபோகும் வாகனங்களைக் கொக்கி மாட்டி இழுத்துவரும் லொறி அது. முன்பு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடியது, இப்போது நாலரைதான். சாரதி ஹபீல் அலவத்துகொடைக்காரர். நாற்பது தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், பதினோரு வருடமாக அந்த லொறியின் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர். அவர் டீசல் திருடுகிறார் என்று மூன்று மாதச் சம்பளத்தில் பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாயை முதலாளி பிடித்துவிட்டார். அன்று கோளாறு அகப்படாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு தடவை மூக்கையா பாஸிடம் காட்டும்படி கெஞ்சியதும் ஹபீல்தான்.

"டவுன்ல கம்ப்யூட்டர் வச்சுப் பாத்தாச்சு. எஞ்சின் பழுதில்லையாம். அப்ப டீசல் எங்க போகுது?" என்றார் முதலாளி.

கேற்றடியில் நின்ற ஹபீல் உள்ளே வரவில்லை. "ஒரு போத்தல் சரி நான் எடுக்கல்ல பாஸ். அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"எடுத்தீங்களான்னு நான் கேக்கல நானா," என்று மரியாதையாக அண்ணன் முறை சொன்னார் மூக்கையா. "வந்து வண்டிய எடுங்க."

ஹாண்ட்பிரேக்கை இறுக்கி, டொப் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விடச் சொன்னார். நல்ல கிளச்சாக இருந்தால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கையாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பாரத்துக்காக, ஷெட்டில் கிடந்த ஓடாத வேன் ஒன்றைக் கொக்கியில் மாட்டச் சொன்னார். முதலாளியையும் முன்சீற்றில் ஏற்றினார். "மீட்டர நீங்களே வாசிச்சுக்குங்க மொதலாளி. நான் வாசிச்சா அதுலயும் களவும்பீங்க."

மாவனல்லைப் பக்கமாக லொறி இறங்கியது. மூக்கையா மீட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் கிலோமீற்றர்க் கட்டையடியில் மீட்டரைக் குறித்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டு, அதன்பின் வீதியோரக் கட்டை ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் ஒரு விரலை மடக்கினார். பத்து விரலும் மடங்கியதும், "நிப்பாட்டுங்க நானா" என்றார். "மொதலாளி, மீட்டர் என்ன சொல்லுது?"

முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஒம்பது."

"கட்ட பத்து."

"கவர்மெண்ட் கட்டைய தப்பா நட்டிருப்பான்."

"பத்தையுமா?"

ஹபீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

திரும்பும் ஏற்றத்தில் மிச்சமும் வெளியாயிற்று. குடைந்த பாறைத் திருப்பத்தில் எஞ்சின் வீறிட்டது, லொறி நத்தைபோல ஊர்ந்தது. கருகிய வாடை மேலே வந்தது. "எஞ்சின் சுத்துது, சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல கிளச்சு நின்னு குடிக்குது," என்றார் மூக்கையா. மூன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகக் கெஞ்சிக் கூத்தாடி லொறி ஷெட் வாசலுக்கு வந்து, அதற்கு மேல் அசைய மாட்டேன் என்றது.

அவர் இறங்கினார். லொறியின் மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிவந்து, பின்சக்கரத்தின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். பின்சக்கரத்தைவிட அது நாலு விரற்கடை குட்டையாக இருந்தது.

"பின்னுக்கு டயர் மாத்தினது யாரு?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "நாலு மாசமாச்சு. பஸ் உடைக்கிற எடத்துல மலிவா கெடச்சிச்சு. பெரிய டயர்னா பாரம் நல்லாத் தாங்கும்னு..."

"அதுக்குப் பொறகுதான் பாஸ் டொப்புல இழுக்கவே இல்ல," என்றார் ஹபீல். "நான் சொல்லத்தான் செஞ்சன். ஓட்டத் தெரியாண்டு ஏசினாரு."

"கேளுங்க மொதலாளி. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் ஓடும். மீட்டர் சுத்துறதத்தான் எண்ணும், ரோட்ட எண்ணாது. பத்து ஓடினா ஒம்பதும்பான். பெரிய சக்கரத்தோட ஏத்தத்துல பாரம் இழுத்தா கிளச்சு தேயாம என்ன செய்யும்? டீசலக் குடிச்சது ஒங்க டயரு. தண்டம் கட்டினது இந்த மனுசன்."

முதலாளி குனிந்து அந்த இரண்டு சக்கரங்களையும் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு, "சரி சரி, கிளச்ச மாத்துங்க. பழைய டயரையே போடுறேன். அவன் காச அடுத்த சம்பளத்தோட சேத்துடலாம்," என்றார்.

மூக்கையா ஸ்பானரைத் தகரப் பெட்டியில் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பிடிக்கையில அடுத்த மாசம்னு சொல்லிட்டா பிடிச்சீங்க? எண்ணிக் குடுக்காம நான் கை வைக்கமாட்டேன்."

"உங்க கூலிய நான் தர்றேன். அவனுக்கும் எனக்கும் நடுவுல நீங்க யாரு?"

"என் கூலி வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஒரு சதம் கொறயாம வாங்குவேன், அது பொறகு. இஷ்டமில்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போங்க. அசையாதுதான். இழுக்கிற வண்டிய இழுக்க இன்னொரு வண்டியக் கூப்பிடுங்க. கடுகண்ணாவ பூராவும் நின்னு வேடிக்க பாக்கட்டும்."

எதிர்த் தேநீர்க் கடையில் ஏற்கனவே நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலாளி பர்ஸைத் திறந்தார். போதவில்லை. லொறியின் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்துவந்து, சுருட்டி ஹபீலின் சட்டைப்பைக்குள் திணிக்கப் போனார்.

"பையில இல்ல. கையில," என்றார் மூக்கையா.

ஹபீல் வலது கையைச் சாரத்தில் துடைத்து நீட்டினார். ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினாறாவது விழுந்ததும் முதலாளி மிச்சத்தை மடிக்கத் தொடங்கினார். ஹபீலின் விரல்களும் கூச்சத்தோடு மூடப் பார்த்தன. மூக்கையா எழுந்து வந்து, கிரீஸ் படிந்த தன் கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்து, விரல்கள் மூடாதபடி ஏந்திப் பிடித்தார். எட்டாவது நூறும் விழும்வரை அந்தக் கை இறங்கவில்லை.