கன்னியப்பன் கைக்கு எட்டாத கரண்ட்

பென்னலூர் கன்னியப்பனுக்குக் கரண்டோடு இருபது வருஷப் பழக்கம். பம்ப்செட் மோட்டாரில் கை வைக்கக் கற்று, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியனாகப் போய்ச் சேர்ந்தவர். ஷிப்ட் முடிந்து வந்தாலும் சும்மா இருக்க விடமாட்டார்கள். ஊரில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மனுஷனுக்கு 1991 சித்திரையில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, வலது கை துவண்டு தொங்கிப்போனது. டெஸ்டரைப் பிடிக்க முடியாத எலக்ட்ரீசியனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அதை நினைத்தாலே அவருக்கு ஆத்திரம் பொங்கும்.

பிசியோதெரபி பார்க்கும் வத்ஸலா, வாரம் மூன்று நாள் ஒரு மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். ஈரப் பட்டைகளை முழங்கைக்குக் கீழே கட்டி, லேசாகக் கரண்ட் விடுவாள்.

"கரண்ட் நரம்பைத் தட்டும், விரல் மடங்கும். அப்போ நீங்களும் மனசால கூடவே மடக்கணும். அப்பதான் மூளைக்கு மறந்த வழி புரிபடும்" என்பாள்.

விரல்தான் மடங்கவில்லை. ஐந்தாவது தடவையும் குமிழைத் திருகத் திருக அவள் முகம் வாடியது. கன்னியப்பனுக்கே பாவமாக இருந்தது.

"மெஷின் மேல சந்தேகம்னா இதுல வெச்சுப் பாரும்மா" என்று இடது கையை நீட்டினார்.

வைத்தாள். ஐந்து விரலும் துள்ளி மடங்கின. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கைதான் போய்விட்டதா?

ஆனாலும் தொழில் புத்தி போகுமா? ஒரு லைனில் கரண்ட் போகிறது, இன்னொன்றில் போகவில்லை என்றால் நடுவில் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். இடது கையால் வலது கையைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"அம்சா, இந்தக் கைக்கு இன்னா தடவுற?"

மனைவி அம்சவல்லி பெருமையாகவே சொன்னாள். "மூணு வேளையும் மூலிகை எண்ணெ. வல்லக்கோட்டையிலேர்ந்து வாங்கியாந்தது. கை கால் வுழுந்தா எண்ணெ தடவாம வுடுவாங்களா? டாக்டரம்மா வர்றதுக்கு முன்ன ஈரத்துணியால தொடச்சுடுவேன்."

கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "டிரான்ஸ்பார்மர்ல எண்ணெ எதுக்கு ஊத்துறான்? கரண்டு கண்ட எடத்துக்குத் தாண்டக் கூடாதுன்னுதான். ரெண்டு மாசமா என்னையும் டிரான்ஸ்பார்மரா ஆக்கி வெச்சிருக்க."

சோப்பு போட்டுக் கழுவச் சொல்லத் தனக்கும் தோன்றவில்லையே என்று வத்ஸலா தலையில் அடித்துக்கொண்டாள். அம்சவல்லி சீயக்காயோடு வந்து, குத்துவிளக்கு விளக்குவதுபோல் அந்தக் கையைத் தேய்த்தெடுத்தாள். பட்டையைக் கட்டிக் கரண்ட் விட்டதும் விரல்கள் மெல்ல மடங்கின. கன்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஆடி முழுக்கக் கரண்டும் அவருமாகச் சேர்ந்து விரலை மடக்கினார்கள். ஒரு நாள் வத்ஸலா மெஷினை நிறுத்திவிட்டு, "இப்போ நீங்க மட்டும்" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கட்டைவிரல் ஓர் அரிசி அளவு நகர்ந்தது.

அம்சவல்லி நம்பவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்து மெஷின் பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி ஆட்டுய்யா."

ஆட்டினார்.