அருளப்பன் கொண்டுவராத பதில்

அருளப்பன் போய்விட்டான்.

நேற்று மதியம் டேனரி கேட்டில் வைத்து மேஸ்திரி கரீம் பாய் சொன்னார். மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று லீவில் இருந்தவன்… இத்தனை சீக்கிரம் என்று நான் நினைக்கவே இல்லை.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற எங்கள் டேனரிப் பக்கம் வந்துபோன எல்லோருக்கும் அவனைத் தெரியும். தோல் தரம் பிரிக்கிற ஷெட்டில் எனக்கு எதிர் மேஜை. பதினோரு வருஷம்.

கத்தோலிக்க வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவன். நானோ சுயமரியாதைக் கூட்டங்களுக்குப் போய்வந்து, சாமி என்று யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்கு நிற்கிறவன். அப்புறம் கேட்கணுமா!

முதல் வாரமே ஆரம்பித்தேன். "ஏம்பா, உங்க சாமியாரும் மனுசன்தானே? அவர் காதுல சொன்னா உன் பாவம் எப்பிடிப் போவும்?"

சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. லண்டனுக்குப் போகிற தோல் பண்டலில் கட்டுகிற அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் பென்சிலால் என் கேள்வியை மெதுவாக எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நல்ல கேள்வி, முனிசாமி. கேட்டுட்டு வர்றேன்."

இன்னாடா இது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரைப் பிடித்து நிறுத்திக் கேட்பானாம். திங்கட்கிழமை காலை, முதல் தோலை விரிக்கும் முன்பே எனக்குப் பதில் வந்துவிடும். பதில் சொன்ன அட்டையில் குறுக்கே ஒரு கோடு போடுவான்.

பதில் எனக்குப் பிடித்ததா? பாதி நாள் இல்லை. அதிலேயே ஓட்டை பிடித்து அடுத்த கேள்வி கேட்பேன். அதையும் எழுதிக்கொள்வான்.

சில திங்கட்கிழமை, "சாமியாருக்கே தெரியலயாம்பா" என்பான், கொஞ்சம்கூட வெட்கப்படாமல். அந்த நாட்களில்தான் அவனை எனக்கு ஜாஸ்தி பிடித்தது.

ஒரே ஒரு தடவை அவசரப்பட்டான். செபமாலை வேதபுத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அன்றைக்கு ஏதோ சூடு… "இருக்குது, எல்லாம் அதுலயே இருக்குது" என்று அடித்துச் சொல்லிவிட்டான்.

எங்கள் ஆபீஸ் கிளார்க் புராட்டஸ்டண்ட்காரர். மறுநாள் புத்தகத்தையே கொண்டுவந்து, "எங்க, காட்டு" என்று நீட்டினார். இவன் புரட்டுகிறான், புரட்டுகிறான்… ஷெட்டே சிரித்தது. நானும்தான்.

திங்கட்கிழமை ஷெட்டின் நடுவில் வந்து நின்றான். "போன வாரம் நான் சொன்னது தப்பு. செபமாலைன்னு அதுல இல்ல. நாங்க சொல்ற மந்திரத்துல பாதிதான் இருக்குது. கேக்காம சொல்லிட்டேன்."

கரீம் பாய்தான் முதலில் பேசினார். "தோத்துட்டேன்னு ஊரக் கூட்டிச் சொல்றவன இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்."

அப்புறம்… இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதே நாள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அருளப்பன் என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்தான். எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கையை உதறினேன்.

"தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்காம செத்த கொழந்த உங்க வேதத்துல எங்க போவும்? மோட்சமா, நரகமா? போ, கேட்டுட்டு வா!"

 ஓர் அட்டையை எடுத்து எழுதினான்.

திங்கட்கிழமை பதில் வரவில்லை. "இன்னும் கேட்டுட்டிருக்கேன்பா" என்றான். அடுத்த திங்களும் அதேதான். அதற்கடுத்ததும்…

மாட்டிக்கொண்டான் என்று முதலில் எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். மறைக்க மாட்டேன். பிறகு அது வருத்தமானது. தோற்றதைக்கூட வந்து சொன்னவன், என் பிள்ளை விஷயத்தை மட்டும் மறந்துவிட்டானே…

நான் மறுபடி கேட்கவே இல்லை. மற்ற கேள்விகள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இன்று அடக்கம். கல்லறையிலிருந்து அவன் வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் அவன் மனைவி ஆரோக்கியம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அண்ணா, எல்லாம் உங்க கேள்விங்களாம். உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு."

உள்ளே அட்டைகள். பதினோரு வருஷத்துக் கேள்விகள், எல்லாவற்றிலும் குறுக்கே கோடு. என்னவெல்லாம் கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அடியில் ஒன்றில் மட்டும் கோடு இல்லை.

நான் கேட்டபடி அவன் எழுதியிருக்கவில்லை. அதில் தண்ணியும் இல்லை, நரகமும் இல்லை. "முனிசாமி மக எங்க இருக்கா?" அவ்வளவுதான்.

கீழே சின்ன எழுத்தில்:

"நம்ம சாமியார்: மோட்சம் இல்லை. வலி இல்லாத வேறே ஒரு இடம்."

"காட்பாடி சாமியார்: அதேதான்."

"ஆம்பூர் சாமியார்: அதேதான்."

கடைசியில்: "இதை அவன்கிட்ட சொல்ல மாட்டேன். இன்னொருத்தரைக் கேட்கணும்."

ரயிலேறிப் போய்க் கேட்டிருக்கிறான்… என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கரீம் பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

அருளப்பா… போய் வா, தோஸ்த். இனிமே சாமியார் எதுக்கு? நேர்லயே கேட்டுக்கோ.

எனக்கு அந்த எடத்துல எல்லாம் நம்பிக்கை இல்ல, உனக்கே தெரியும். ஆனா அப்பிடி ஒண்ணு இருந்து, நீ அங்க போயிருந்தா…

அவளுக்குப் பேரு வைக்கல. எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும். பார்த்தா தூக்கிக்கோ.