புத்தகம் சொன்ன பிடிமண்

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அண்ணன் ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் புதுக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மகனோடு இருக்க மதராஸுக்குக் குடிபோகும்போது, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அண்ணன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐயா விவசாயம். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தது பஞ்சாங்கம் மட்டுந்தான். பெட்டியில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். ரோமாபுரி ராஜாக்களின் சரித்திரம், பிரான்சில் ராஜாவின் தலையை வெட்டிய கதை, பழைய நாணயங்கள், கல்வெட்டுகள், கப்பலேறி உலகைச் சுற்றியவர்கள், பெரியம்மை ஊர் ஊராகப் பரவிய விதம், அந்தக் காலத்தில் கண்மாய் வெட்டிய முறை, தென் ஜில்லாக்களில் இருக்கிற சனங்களின் பழக்கவழக்கம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

சனி, ஞாயிறுகளில் அண்ணன் வீட்டுக்கு வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்து, படித்துப் படித்துத் தமிழில் சொல்வார். நானும் ஆத்தாவும் கடலை உரித்துக்கொண்டே கேட்போம். ஐயா கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை. அதனால் என் தலைக்குள் எல்லாம் கலந்து கிடந்தது. ரோமாபுரி ராஜாவுக்கு அம்மை போட்டதாகவும், கப்பல்காரர்கள் கண்மாய் வெட்டியதாகவும் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவின் சந்தேகங்கள் வேறு மாதிரி.

"ராசா தலைய வெட்டிப்புட்டாங்கன்னா, தீர்வைய யாருக்குடா கட்டுனாங்க?"

"அது வேற புத்தகத்துல இருக்கும்யா."

ஒருநாள் ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னார். தோற்ற ராஜா காட்டுக்குள் ஓடிப் பிழைத்துக்கொண்டார் என்று முடித்தார். அடுத்த வாரம் இன்னொரு புத்தகத்தில் அதே சண்டை வந்தது. அதில் அதே ராஜா களத்திலேயே விழுந்து செத்தார்.

"ரெண்டுல எதுண்ணே நெசம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே பெரிய படிப்பாளிங்க. ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப அந்த ராசா செத்தாரா, இல்லையா?"

அண்ணன் இரண்டு புத்தகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்புடியும் இந்நேரம் செத்திருப்பாரு" என்றார். ஆத்தா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த ராஜா காட்டுக்குள் உட்கார்ந்திருப்பதும் களத்தில் கிடப்பதுமாக மாறி மாறி என் கண்ணில் வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கந்தர்வகோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் பூ வைத்துவிட்டுப் போன அதே வாரம், அண்ணன் பழக்கவழக்கப் புத்தகத்தை எடுத்தார். அதில் எங்கள் சனத்தைப் பற்றியே சில பக்கம் இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவதை எழுதியிருந்தார்கள். துக்க வீட்டுக்குச் சம்பந்திகள் கோடித்துணி கொண்டுவருவதையும், புது நெல்லை முதலில் குலதெய்வத்துக்கு எடுத்துவைப்பதையும் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆத்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நம்ம அடுப்படிக்குள்ள எப்படா வந்து பாத்தான் இவன்?"

அடுத்த பத்தியில் அது வந்தது. கல்யாணமாகிப் போகிற பெண், தன் ஊர் ஊருணிக் கரையில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். புருஷன் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் அந்த ஊர் ஊருணியில் அதைப் போடுவாள். பிறகுதான் அந்த ஊர்த் தண்ணீரைக் குடிப்பாள்.

ஆத்தா கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"நான் போடலையே" என்றாள் ஆத்தா. "வண்டிய விட்டு எறங்கி நேரா இந்த வீட்டுக்குத்தான வந்தேன்."

அன்று ஆத்தாவின் அக்காவும் வந்திருந்தார். நான் பெரியாத்தா என்று கூப்பிடுவேன். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முறை கேட்க அவரிடம்தான் வருவார்கள். "சாமிக்குப் பிடிமண் எடுத்துட்டுப் போயி இன்னோரு ஊருல கோயில் கட்டுவாங்க. பொண்ணுக்கு எடுத்து நான் பாத்ததில்ல" என்றார் அவர்.

ஆனால் அடுத்த முறை வந்தபோது அவர் பேச்சு மாறியிருந்தது. "யோசிச்சுப் பாத்தேன். எங்க சின்னாத்தா வாக்கப்பட்டுப் போனப்ப முந்தானையில என்னமோ முடிஞ்சிருந்தா. மஞ்சள்னு நெனச்சேன். மண்ணாத்தான் இருக்கணும்." கல்யாணம் நெருங்க நெருங்க அந்தச் சின்னாத்தாவின் முந்தானை முடிச்சு அவருக்கு மேலும் மேலும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் மண் என்ன நிறம் என்றுகூடச் சொன்னார்.

ஐயா முடிவு செய்துவிட்டார். "மத்ததெல்லாம் சரியா எழுதுனவன் இத மட்டும் தப்பாவா எழுதுவான்? நாமதான் மறந்துட்டோம். புள்ள மண்ணு கொண்டு போகட்டும்."

"அவங்க ஊருல தெரியுமா இந்த வழக்கம்?" என்று ஆத்தா கேட்டாள்.

"அவங்களும் நம்ம சனந்தான. தெரியாம இருக்குமா?"

அது உலகச் சண்டைக் காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு. கல்யாணம் எங்கள் வீட்டு வாசலிலேயே சுருக்கமாக நடந்தது. மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினேன். வெளுத்த, பருக்கைக்கல் கலந்த மண். கூறைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் அந்த முடிச்சு என் மடியில் கனத்தது. இது எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு தடவை முடிச்சைப் பார்த்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஊர் செம்மண் பூமி. முந்திரித் தோப்பைத் தாண்டியதும் ஊருணி. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த கூட்டம் வீட்டைப் பார்த்துப் போக, அண்ணன் என்னை ஊருணிப் பக்கம் திருப்பினார். நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற என் மாமியாருக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்னத்தா கையில?"

"மண்ணு, அத்தே."

"மண்ணா? வந்து எறங்குன அன்னிக்கே எங்க குடும்பத்துல மண்ணள்ளிப் போடப் பாக்குறியா?"

அதுவரை எனக்கு அந்த வார்த்தை தோன்றவே இல்லை. ஆத்தாவுக்கோ பெரியாத்தாவுக்கோ ஐயாவுக்கோ கூடத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுப்பதற்கு நாங்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வோம். புத்தகம் இங்கிலீஷில் சொன்னதால் அது எங்கள் காதில் விழாமல் போயிற்று போலிருக்கிறது. விரலிடுக்கில் மண் உதிர்ந்தது.

அண்ணன் முன்னால் வந்தார். "சாபம் இல்லங்க அத்தே, இது வழக்கம். நம்ம சனத்தப் பத்தி இங்கிலீஷ் புத்தகத்துல போட்டிருக்கு. பெரிய ஆராய்ச்சிக்காரர் எழுதுனது."

கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் என் மாமனாரைப் பார்த்தார்கள். ஊரில் நாலு பேர் அவரிடம் யோசனை கேட்டு நடப்பார்கள். அவர் என் கையைப் பார்த்தார், அண்ணனின் காலேஜ் சட்டையைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் இது" என்றார். "எங்க ஆத்தா காலத்துல இருந்ததுதான். இங்கிட்டுப் பொம்பளைங்க மறந்துபுட்டாங்க. நீ போடு தாயி."

மாமியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டேன். செந்நிறத் தண்ணீரில் எங்கள் ஊர் மண் வெளுப்பாக இறங்கிப் போயிற்று. மாமனாருக்கு நிஜமாகவே தெரியுமா, இல்லை இத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல மனசில்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்கிற இடத்தில் நான் இல்லை. பின்னாளிலும் கேட்கவில்லை.

முதல் வருஷம் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பசு கன்று போட்டுத் தங்கவில்லை என்றால் மாமியார் என்னைப் பார்ப்பார். மழை தப்பினாலும் என்னைத்தான் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நானோ, நம் கையால்தான் ஏதும் ஆகிவிட்டதோ என்று தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஊருணியை உற்றுப் பார்ப்பேன். பிறகு ஒரு ஐப்பசியில் மழை கொட்டி ஊருணி நிறைந்தது. அதற்கும் அவர் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அவள் தாயார் என்னிடம் வந்தாள். "மண்ணு எந்தக் கையால எடுக்கணும்மா? காலையிலயா, சாயந்தரமா? ஒங்க அண்ணன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. நான் எடுத்த கை எது என்று யோசித்து "வலது கை, காலையில" என்றேன். அவள் திருப்தியோடு போனாள். அதற்குப் பிறகு இன்னும் சில வீடுகளில் செய்தார்கள். எல்லோரும் வலது கையால், காலையில்.

என் நாத்தனாரை விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது சமஸ்தானம் போய்விட்டது. ராஜா இல்லை, எங்கள் ஊர்களையெல்லாம் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். இனி எந்த ஆபீசுக்கு எங்கே போவது என்று ஆண்கள் குழம்பிக் கிடந்தார்கள். கல்யாண வேலை நடந்துகொண்டிருந்த வீட்டில் என் மாமியார் ஒரு மஞ்சள் துணியில் எதையோ முடிந்துகொண்டிருந்தார். கிட்டப்போய்ப் பார்த்தேன். ஊருணிச் செம்மண்.

"அத்தே, இது..."

"மக வெறுங்கையோட போகலாமா? நம்ம வழக்கம்ல இது."

"இது எங்க அண்ணன் புத்தகத்துல இருந்து வந்ததுதான அத்தே. அன்னிக்கு நீங்ககூடக் கோவிச்சுக்கிட்டீங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ தூக்கத்தில் உளறுவது போலப் பார்த்தார். "என்ன புத்தகம்? எங்க ஆத்தா எனக்கு முடிஞ்சு குடுத்தா. நான் இந்த ஊருணியிலதான போட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் பொய் இல்லை. அப்படியானால் அன்றைக்கு ஏன் கத்தினார்? அன்று அவர் கத்திய வார்த்தைகளை நான்தான் என் மனசில் மாற்றி வைத்துக்கொண்டேனா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணன் அப்போது திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். கல்யாணத்துக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரும்படி என் வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினேன். வந்தார். புத்தகத்தோடு, கண்மாய் வெட்டிய முறையைப் பற்றிய புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். தொழுவத்துப் பக்கம் நின்று, பழக்கவழக்கப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"இதுல ஒரு வார்த்த இருக்கு தங்கச்சி. 'இந்தப் பகுதியில ஒருத்தர் சொல்லக் கேள்வி'ன்னு."

"யாரு சொன்னதாம்?"

"அது போடல."

"அன்னிக்கு இத நீங்க படிக்கலையா?"

"படிச்சேன். பெருசா எடுத்துக்கல." அவர் கண்மாய்ப் புத்தகத்தைப் பிரித்தார். "இத போன வருஷந்தான் முழுசாப் படிச்சேன். இவரு என்ன சொல்றாருன்னா, நம்ம சனத்துல பொறந்த ஊரு மண்ணு புருஷன் ஊருத் தண்ணியில கலக்கவே கூடாதாம். பொண்ணு எல்லையிலயே காலக் கழுவிட்டுத்தான் உள்ள வரணுமாம்."

"இவரும் படிச்சவருதானா?"

"இவரும் படிச்சவருதான்."

"நீங்க சரித்திரம் சொல்லிக் குடுக்குறவங்க. எதுண்ணே நெசம்?" என்றேன்.

"எனக்கே தெரியலத்தா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காலேஜ் படிக்கும்போது அவருக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை.

மறுநாள் விராலிமலைப் பக்கத்து அந்த ஊருக்குப் போய் இறங்கினோம். நான் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருணிக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய மாமியார் கத்திக்கொண்டு வருவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். வந்தார். நிதானமாக வந்து, பெண் முடிச்சு அவிழ்ப்பதைப் பார்த்து, வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

"ஒங்க ஊருலயும் உண்டா?" என்றார் என்னிடம்.

"இங்க உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"உண்டே. ஆதியில இருந்தே உண்டு."

அந்த அம்மாள் நிஜத்தைச் சொன்னாரா, இல்லை என் மாமனார் அன்று நாலு பேர் முன்னால் பேசினாரே, அந்த மாதிரி பேசினாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நாத்தனார் என் காதருகே குனிந்து, "அண்ணி, இது எதுக்குப் போடுறது?" என்று கேட்டாள்.

"தெரியலத்தா. போடு" என்றேன்.

அவள் போட்டாள். அந்த அம்மாள் மருமகளின் கையைப் பிடித்து, மண் போகக் கழுவிவிட்டு, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.