சின்னம்மாவின் கடைசிக் கேள்வி

எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியது நாங்கள்தான். அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக, வியாழக்கிழமை ஆறு மணியானால் எங்கள் கொக்குவில் வீட்டின் ஹோலும் விறாந்தையும் எங்களுடையதாக இருப்பதில்லை. அந்த நேரம் கொழும்பிலிருந்து ஓர் உரையாடல் நிகழ்ச்சி வரும். ஓர் அம்மையார் பிரம்புக் கதிரையில் இருந்து, எதிரே ஒருவரை இருத்தி வைத்துக் கதை கேட்பார். வருஷக்கணக்காக நடந்தது. நேரடி ஒளிபரப்பு என்பதால் வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. வந்தவர் உளறினால் நாடு முழுக்கக் கேட்கும். அதைக் கேட்கத்தான் சனம் பாயும் கையுமாக வந்தது. அப்பாவுக்கு மட்டும் பாதி நிகழ்ச்சிதான் கிடைக்கும். மீதி நேரம் முற்றத்தில் அன்ரனாக் குழாயைத் திருப்பித் திருப்பி, இப்ப தெரியுதோ, இப்ப தெரியுதோ என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

முடிவில் அந்த அம்மையார் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். வந்தவர் கண்கலங்கினால் உடனே, "சிறியதோர் இடைவேளை" என்பார். அந்தக் கேள்வி எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டியது. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் கேட்டார்கள், கோயில் வீதியில் கேட்டார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் அம்மாவும் ஒருநாள் கேட்டுவைத்தார். மனிதர் கொஞ்சம் யோசித்து, இது நேற்றையான் மீன் அக்கா என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒரு கிழமை அவர் எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை.

ஆனால் அந்த நிகழ்ச்சியால் முற்றாகக் கெட்டுப்போனவர் சின்னம்மாதான். அம்மாவின் தங்கை, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டு எங்களோடு இருந்தார். நாற்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. அந்த அம்மையாரைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், நாடியில் விரல் வைப்பார். வீட்டில் கதை சிக்கலாகும் இடத்தில் "சிறியதோர் இடைவேளை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், தேத்தண்ணீரோடு வருவார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சாதகத்தில் எட்டில் செவ்வாய். செவ்வாய் உள்ளவருக்குச் செவ்வாய் உள்ளவரைத்தான் கட்டலாம் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அப்படியொருவர் அகப்படுவதற்குள் தலை நரைத்துவிடும். சின்னம்மாவுக்கும் அதே எட்டில் அதே செவ்வாய். எனக்கு நாலு இடம் பேசி நாலும் முறிந்த பிறகு, அப்பா பொறுமை கெட்டு, ஒரு சாத்திரியாரைப் பிடித்துச் செவ்வாயை வேறு வீட்டுக்குக் குடியேற்றி எழுதுவித்தார். அந்தச் சாதகத்துக்கு வட்டுக்கோட்டையில் ஒரு விஞ்ஞான வாத்தியார் பொருந்தினார். படத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நன்றாகவே பிடித்துவிட்டது. இது முறிந்தால் நானும் இன்னொரு சின்னம்மாதான்.

பெண் பார்க்க வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பஸ் பிந்தி, அவர்கள் வந்து சேர ஆறாகிவிட்டது. ஹோல் நிறைய ஊர்ச்சனம். அப்பா வெட்கத்தோடு பெட்டியை நிறுத்தப் போனார். மாப்பிள்ளையின் தாயார் விடவில்லை. தாங்களும் இதைத் தவறவிடுவதில்லை என்று முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார். பலகாரத் தட்டுகள் தலைகளுக்கு மேலால் போயின. நான் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை என்னை மூன்று தரம் பார்த்தார், எண்ணினேன்.

அம்மையார் கடைசிக் கேள்விக்கு வாயைத் திறந்தார். கரண்ட் போனது.

சனம் ஐயோ என்றது. சின்னம்மா விளக்கைக் கொளுத்தி வைத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து மாப்பிள்ளைக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டு, தலையைச் சாய்த்தார்.

"இதுவரை ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டைச் சொல்லுங்கோ, தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தகப்பனை ஒருதரம் பார்த்தார்.

"உங்களிட்டைத் தந்தது என்ரை சரியான சாதகம் இல்லை. எனக்கு ஏழிலை செவ்வாய். பிள்ளையைப் பாத்தாப் பிறகு மறைக்க மனம் வரேல்லை."

அவருடைய தகப்பனுக்கு முறுக்கு புரையேறியது. கொழும்பில் இத்தனை வருஷம் கிடைக்காதது சொந்த ஒழுங்கையில் கிடைத்த பரவசத்தில், ஊர்ச்சனம் பாயை விட்டு அசையவில்லை. அப்பா எழும்பினார். சாதகத்தில் கை வைப்பதா, இது என்ன குடும்பம், மானம் மரியாதை இல்லையா என்று தொடங்கினார் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம்! அம்மா அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் குடையைத் தேடத் தொடங்கிவிட்டார்.

சின்னம்மா கதிரையை என் பக்கம் திருப்பினார். இம்முறை தலை சாயவில்லை.

"பிள்ளை, நீ?"

குடை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

"எனக்கும் செவ்வாய்தான். எட்டிலை. எங்கடையும் மாத்தி எழுதின சாதகம்," என்றேன்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். முதலில் வாய் திறந்தது மாப்பிள்ளையின் தாயார்தான். இரண்டு பேருக்கும் செவ்வாய் என்றால் பிறகென்ன, பொருத்தம்தானே என்று சொல்லி இன்னொரு பயத்தம் பணியாரம் எடுத்துக்கொண்டார். இரண்டு சாதகத்தையும் மாற்றி எழுதியது ஒரே சாத்திரியார்தான் என்பது பின்னர் வெளிவந்தது. அவர்தான் எங்கள் கலியாணத்துக்கும் நாள் வைத்துத் தந்தார்.

அடுத்த வியாழன் நிகழ்ச்சி முடிந்து சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, சின்னம்மாவும் நானும் மட்டும் ஹோலில் இருந்தோம். நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். விளையாட்டாகத் தலையைச் சாய்த்து அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் பெட்டியைத் துணியால் மூடி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்.

"எனக்கும் ஒரு இடம் பேசினது. எனக்கு ஆளைப் பிடிச்சிருந்தது. செவ்வாய் எண்டு அவை என்னை வேண்டாமெண்டிட்டினம். அவருக்கும் செவ்வாயாம், மறைச்சுப்போட்டினம். அவர் வேறை கலியாணம் முடிச்சாப் பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது."

சாய்த்த தலையை நிமிர்த்தினேன்.

"அவரை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை," என்றார். பிறகு, "சிறியதோர் இடைவேளை," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

அன்றைக்குத் தேத்தண்ணீர் வர வெகுநேரம் ஆனது.