தோள் வலிக்க ஒரு குளக்கரை

குளிக்கும்போது வெந்நீர் வலது காலைச் சுட்டது. இடது காலில் ஒன்றும் தெரியவில்லை. மாலைக்குள் இரண்டும் மரத்துப்போயின. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை.

கோவையில் ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவர், ‘டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்’ (தண்டுவடத்தில் ஏற்படும் அழற்சி) என்றார். ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். இடுப்பு வரை உணர்வு திரும்பியது. கால்களுக்குத் திரும்பவில்லை.

“மறுபடி நடப்பேனுங்களா?”

“உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. அதுக்காக மத்ததையெல்லாம் நிறுத்திப்போடாதீங்க.”

அவர்மேல் கோபம்தான் வந்தது. அவர் வேண்டாமென்றதையே செய்தேன்; மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்புப் பட்டறை, வீடு, பிசியோதெரபி. சர்ச்சைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அங்கேயும், “சீக்கிரம் நடந்து வருவீங்க” என்று தலையில் கை வைத்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே பறவைகள் வரும் ஒரு குளத்தில், சக்கர நாற்காலி போகும்படி மரப்பலகைப் பாதை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகலாம் என்றேன். கணவர் ஆரோக்கியம் தயங்கினார்.

“வெயிலா இருக்கும் அம்மணி. கார்ல இருந்தே பாத்துக்கலாமே.”

“கார்ல உக்கார அவ்வளவு தூரம் எதுக்குங்க?”

குளத்துக்குப் போனோம். பாதை மேடேறும் இடத்தில் சக்கரம் பின்னால் சறுக்கியது. யாரோ ஒருவர் ஓடிவந்து, கேட்காமலே நாற்காலியைத் தள்ளினார். சக்கரங்களை இறுக்கிப் பிடித்தேன்.

“விடுங்க.”

“உதவிதானுங்க பண்றேன்.”

“தெரியுதுங்க. வேணும்னா நானே கேக்கறேன்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வருத்தமில்லை. கை நீட்டியபடி வந்த கணவரும் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். தள்ளினேன். சறுக்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினேன். ஏறிவிட்டேன்.

மேலே, கைப்பிடிக் கட்டை சரியாக என் கண்ணை மறைத்தது. நிற்பவர்களை நினைத்து வைத்த உயரம். தலையைத் தாழ்த்தி அதற்குக் கீழே பார்த்தேன். கோரைக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி, தண்டொன்றை ஒரு காலால் தூக்கிப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது.

“எங்க அம்மணி? எனக்குத் தெரியலையே.”

“உக்காருங்க. தெரியும்.”

பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரிந்தது. அது கோரைக்குள் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதுவரை என் ஒவ்வொரு நாளும், நடக்கப்போகும் நாளுக்கு முந்தைய நாளாகவே கழிந்தது. அன்று அப்படியில்லை. அது அந்த நாளாகவே இருந்தது.

திரும்பும்போது தோள்கள் கடுமையாக வலித்தன. நோய் வந்தபின் நானாக உண்டாக்கிக்கொண்ட முதல் வலி அது.

“மருந்துக்கடையில நிறுத்தட்டுமா?” என்றார் கணவர்.

“வேண்டாமுங்க. இருக்கட்டும்.”