பால் காய்ச்ச மூன்று கல்

சோழவந்தானைச் சுற்றி யார் புது வீட்டில் பால் காய்ச்சினாலும், அடுப்புக்கு வைக்கிற மூன்று செங்கல் விருமாண்டியின் சூளையிலிருந்துதான் போகும். அப்படிச் சட்டமும் கிடையாது, சாஸ்திரமும் கிடையாது. இருபது வருடமாகப் பழகிவிட்டது. சுவருக்கு வேறு சூளையில் கல் வாங்கியவன்கூட அடுப்புக்கு அவரிடம்தான் வந்து நிற்பான். அதற்கு அவர் காசு வாங்க மாட்டார். தானே போய் அடுக்கிலிருந்து கல்லை எடுத்து, ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கிண்ணென்று சத்தம் வராத கல்லை ஓரமாகப் போட்டுவிடுவார். வந்தவன் காத்திருப்பான். "பாலு நல்லாப் பொங்கும், போய்ட்டு வாங்க" என்று அவர் நீட்டும்போது ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்த மனுஷர் சூளை நடத்தினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

மரியாதை என்றால் அவருக்கு அப்படி ஒரு பசி. சும்மா வந்த பசி இல்லை. பதினைந்து வயதில் கல் அறுக்கும் கூலியாகச் சூளைக்குள் காலெடுத்து வைத்தவர். சேற்றுக்குள் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சூளையைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகவே வாங்கி, அலங்காநல்லூரில் ரெங்கம்மாள் வீட்டு மூத்த மகள் முனீஸ்வரியைக் கட்டினார். பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனால் முதல் இலை அவருக்குத்தான். நாட்டுக்கோழிக் குழம்பில் தொடைக்கறி அவர் இலையில் விழுந்த பிறகுதான் கரண்டி மற்ற இலைப் பக்கம் நகரும்.

இளையவள் கனகலட்சுமிக்கு மாப்பிள்ளையாக வந்தவன் அருள்பாண்டி. டிராக்டர் ஓட்டுகிறவன். மதுரையில் பழைய வீடுகளை இடிக்கிற இடங்களில் கல்லும் காரையும் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது பள்ளத்தில் கொட்டுவதுதான் தொழில். தலைமுடியிலிருந்து செருப்பு வரைக்கும் சுண்ணாம்புத் தூசியோடு வருவான். விருமாண்டிக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்தில் அப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் தன் வெள்ளைச் சட்டை இன்னும் வெள்ளையாகத் தெரியும் அல்லவா?

ஒவ்வொரு தடவை சூளை பிரிக்கும்போதும் உடைந்த கல், கருகிய கல், கோணிப்போன கல் என்று ஒரு குவியல் மிஞ்சும். வருஷக்கணக்கில் சேர்ந்து அது லாரி வரும் பாதையையே அடைத்துக்கொண்டு நின்றது. ஒருநாள் சூளைப் பக்கம் வந்த அருள்பாண்டியிடம், அவன் எதுவும் கேட்காமலே, விருமாண்டியாகத்தான் சொன்னார்.

"தம்பி, சும்மாதான போற? இந்தக் குப்பைய அள்ளிட்டுப் போயி எங்குட்டாச்சும் கொட்டு. எடம் காலியானாப் போதும்."

"சரிண்ணே" என்று அள்ளிக்கொண்டு போனான். அதன்பிறகு ஒவ்வொரு சூளைக்கும் வந்து அள்ளினான். போகும்போது ஒரு கும்பிடு வேறு போட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவர் டீ வாங்கிக் கொடுத்துச் செய்தார்.

அவன் எங்கும் கொட்டவில்லை. அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு தரிசைக் குத்தகைக்குப் பிடித்து, கல் உடைக்கிற பழைய கிரஷர் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டான். இடித்த வீட்டுக் காங்கிரீட், உடைந்த ஓடு, டைல்ஸ், அரைச் செங்கல் என்று எல்லாவற்றையும் தரம் பிரித்து, கம்பியும் மரமும் பொறுக்கி எடுத்துவிட்டு, சல்லியாக உடைத்தான். கொஞ்சம் சிமெண்டும் சாம்பலும் சேர்த்து மெஷினில் அழுத்தினால் பிளாக் கல்லாக வந்து விழுந்தது. ஊரே சிரித்தது. "குப்பையில வீடு கட்டப்போறானாம்ல" என்று அதிகமாகச் சிரித்தவர் விருமாண்டி.

பிறகு யாரோ ஒருவர் அந்தக் கல்லில் தோட்டத்துக்குக் காம்பவுண்டு கட்டினார். இன்னொருவர் மாட்டுக் கொட்டகை கட்டினார். ரெண்டு மழைக்கு அது அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகு வீடே கட்ட ஆரம்பித்தார்கள். இங்கே விருமாண்டிக்கோ மண் எடுக்க அனுமதி குதிரைக் கொம்பாகிவிட்டது. விறகு விலை ஏறியது, ஆள் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு நாலு சூளை வைத்தவரால் ரெண்டுதான் வைக்க முடிந்தது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இத்தனை வருஷம் அவரிடமே கல் எடுத்த ஜமீல் கொத்தனார் ஒருநாள் வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. இந்த வேலைக்கு அருள்பாண்டி கல்லுதான் வேணும்னு வீட்டுக்காரவுக சொல்லிட்டாக."

"குப்பைக் கல்லா பாய்?"

"குப்பைதாண்ணே. ஆனா அளவு சுத்தமா இருக்கு, பூச்சு கம்மியாத்தான் பிடிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

அன்றைக்கு விருமாண்டி சாப்பிடவில்லை. அந்தப் பொங்கலுக்கு மாமியார் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு, ரெங்கம்மாள் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். "சின்ன மாப்ள இன்னும் வரலயே. வந்துரட்டும், சேந்தே போட்ருவோம்." அருள்பாண்டி வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தொடைக்கறி அவன் இலைக்குப் போனது. விருமாண்டியின் இலையில் கழுத்துக்கறி விழுந்தது. குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டு கழுத்தைக் கடித்தார். இதற்குப் பெயர் பொறாமைதான், வேறு நல்ல பெயர் தேட வேண்டியதில்லை.

ஆள் விட்டு அருள்பாண்டியின் கல் ஒன்றை வரவழைத்து, சூளைக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தார். தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். உடையவில்லை. தொட்டியில் ஊறப் போட்டு எடுத்து மறுபடி போட்டார். முனைகூடப் பெயரவில்லை. கடைசியில் சம்மட்டியை எடுத்து ஆத்திரம் தீர அடித்தார். ரெண்டாகப் பிளந்த கல்லின் உள்ளே சிவப்புச் சிவப்பாகச் சல்லி தெரிந்தது. அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியாதா? அவர் சூளை மண்ணுக்கு மட்டும் வருகிற, லேசாக மஞ்சள் கலந்த சிவப்பு. பெற்ற பிள்ளையை அடுத்தவன் வீட்டில் பார்த்தவர் போல அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஒரு அரைக்கல்லைக்கூட அருள்பாண்டிக்குக் கொடுக்கவில்லை. குவியல் திரும்பவும் வளர்ந்து பாதையை அடைத்தது. லாரிக்காரன் திட்டினான். அடைக்கட்டும் என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, யாரையும் குறிப்பிடாதது போல ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். "இடிச்ச கட்டடம்னா யாரு வீட்டுதுன்னு தெரியுமா? என்ன எழவு விழுந்த சுவரோ, எவன் தூக்குப் போட்ட வீடோ. அதைக் கொண்டாந்து நம்ம வீட்டுல வச்சா வெளங்குமா?" பேச்சு டீக்கடையிலிருந்து பஸ் ஏறி அலங்காநல்லூர் வரைக்கும் போனது. கல் கேட்டு முன்பணம் கொடுத்தவர்கள் ரெண்டு பேர் பின்வாங்கினார்கள். அன்றைக்கு விருமாண்டி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அருள்பாண்டி தனக்கே வீடு கட்ட ஆரம்பித்தான். முழுக்கத் தன் கல்லிலேயே கட்டினான். பால் காய்ச்சுக்குத் தேதி குறித்து, பத்திரிகையும் பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். விருமாண்டி தட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்தார். இப்போது கேட்பான், "அண்ணே, மூணு கல்லு" என்று. கேட்டால் எப்படி இழுத்தடிக்கலாம், கடைசியில் எப்படிப் பெரிய மனசு பண்ணிக் கொடுக்கலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"அடுப்புக் கல்லுக்கு என்ன செய்றீக?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

"நம்ம கல்லையே வச்சிரலாம்னு இருக்கோம் மச்சான்" என்று கனகலட்சுமி சிரித்தாள்.

ஊரே வந்து நின்ற வாசல் இவனுக்கு மட்டும் தேவையில்லை! அவர்கள் போன பிறகு ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. முன்பு சூளையில் வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று சிமெண்டுப் பலகைத் துண்டுகளை அடுப்பாக வைத்துக் கஞ்சி காய்ச்சியது. சூடேறியதும் ஒரு துண்டு படாரென்று வெடித்து, சில்லு தெறித்து, பானை கவிழ்ந்தது. சிமெண்டுக்கும் நெருப்புக்கும் ஆகாது. புது வீட்டில் பால் பானை கவிழ்ந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் ஏது? சொல்லலாம். ஒரு போன் போட்டால் போதும். அவர் போடவில்லை.

அதற்குப் பதிலாக அடுக்குக்குப் போய், தட்டித் தட்டி, மூன்று அருமையான கல்லைத் தேர்ந்தெடுத்தார். பானை கவிழும். பொம்பளைகள் கத்துவார்கள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, இவர் நிதானமாக வண்டிக்குப் போய் இந்த மூன்று கல்லையும் கொண்டுவந்து வைப்பார். ரெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிடுவார். நினைக்கவே நெஞ்சு குளிர்ந்தது. கல்லை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினார்.

"பையில என்ன?" என்று பின்னால் ஏறிய முனீஸ்வரி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, உக்காரு."

விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் வாழை கட்டியிருந்தது. வெளிச் சுவருக்குப் பூச்சு இல்லை. கல் வரிசை நூல் பிடித்தது போல ஏறியிருந்தது, அதில் காலை வெயில் பட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். விருமாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தார். இல்லை. அது வேறு எரிச்சல்.

கூடத்தில் மணல் பரப்பி, அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைத்த மூன்று பிளாக் கல் வைத்திருந்தார்கள். பானையை ஏற்றி, கனகலட்சுமி தீயை மூட்டினாள். தீ மெல்லப் பிடித்தது. விருமாண்டி பானையைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்தார். கல் கறுக்க ஆரம்பித்தது. இப்போ, இப்போ என்று காத்திருந்தார். கனகலட்சுமி குனிந்து, முகத்தை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதினாள். அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சூளையில் தெறித்த சில்லு, கஞ்சி காய்ச்சிய பொம்பளையின் புருவத்தைக் கிழித்திருந்தது. கொஞ்சம் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும்.

படார் என்று சத்தம் கேட்டது.

"கல்லு வெடிக்குது! தள்ளு புள்ள, தள்ளு!" என்று கத்திக்கொண்டே விருமாண்டி கூட்டத்தைப் பிளந்து பாய்ந்து, கொழுந்தியாளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ரெண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். பானை அசையவில்லை. பால் நுரைத்து ஏறி, நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

வெடித்தது கல் இல்லை. சாரத்துக்குக் கட்டிய மூங்கிலில் மிஞ்சிய துண்டு ஒன்றை யாரோ விறகோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதன் கணு வெடித்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். அருள்பாண்டி ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டான்.

"பயந்துட்டீகளாண்ணே? இது வெடிக்காது. இம்புட்டும் ஒங்க சூளைக் கல்லுதான்."

விருமாண்டிக்கு விளங்கவில்லை.

"இடிச்ச வீட்டுக் கல்லு ஆகாது, எழவு விழுந்த சுவருன்னு ஊருல யாரோ கிளப்பிவிட்டுட்டாய்ங்க. இவ அழுக ஆரம்பிச்சிட்டா. அதான், முன்னாடி ஒங்ககிட்ட அள்ளுன அரைக்கல்லு ஒரு குமி கெடந்துச்சுல்ல, அதை மட்டும் தனியா உடைச்சு இந்த வீட்டுக்கு அடிச்சேன். எவன் வீட்டுலயும் இருந்த கல்லு இல்ல, நேரா சூளையில இருந்து வந்தது. ஏற்கனவே வெந்த கல்லுக்கு நெருப்பு என்ன புதுசா? இந்த மூணையும் ஒருதடவ தீ மூட்டிப் பாத்துட்டுத்தான் வச்சேன். அதான் ஒங்ககிட்ட வேற கல்லு கேக்கல. வீடே ஒங்க கல்லு, இன்னும் என்னத்தண்ணே கேக்குறது?"

ரெங்கம்மாள் முதல் தம்ளர் பாலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான் கொடுத்தார். இத்தனை நாள் ஏங்கிய மரியாதை. விருமாண்டி வாங்கிக் குடித்தார். பாதிக்கு மேல் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று வண்டியருகே வந்தார். முனீஸ்வரி மஞ்சப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கல் வெடிக்குது என்று கத்தியவர், அது வெடிக்கும் என்று எதிர்பார்த்தேதான் மூன்று கல்லோடு வந்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

"கொண்டாந்துட்டு ஏன் குடுக்கல?"

"அவுக கேக்கலயே."

"குப்பைய மட்டும் கேக்காமலே குடுத்தீகள்ல?"

அவர் சாவியைப் போட்டு வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். பிறகு இறங்கி, பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கூடத்து ஓரத்தில் மூன்று கல்லையும் இறக்கி வைத்தார்.

"என்னண்ணே இது?" என்று அருள்பாண்டி ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

"இருக்கட்டும். சமையலுக்கு ஆகும்."

"வீடு எப்படிண்ணே இருக்கு? நீங்க ஒண்ணுமே சொல்லலயே."

விருமாண்டி சுவரைப் பார்த்தார். அதில் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிந்த தன் கல்லைப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொன்னால் போதும். அதுதான் உண்மையும்கூட. வாயைத் திறந்தார்.

"அந்தக் குமி மறுபடி பாதைய அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. திங்கக்கெழம வந்து அள்ளிக்க" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.